பின் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லையா? தெருவில் வண்டி நிறுத்துபவர்களுக்கு

மதுரை செல்லூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. வண்டி நிற்பது கீழே, சந்து முனையில், ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில். மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடலாமா என்று ஒருநாள் யோசித்தேன். கீழ்வீட்டு அக்கா ஈரத்துணி காயப்போடும் கொடிக்கு மேலாக 230 வோல்ட் போவதை நினைத்துப் பார்த்ததும் அந்த யோசனை அங்கேயே செத்தது. டெம்போ டிராவலருக்குள் படுக்கை, ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து நான்கு வருடம் ஆகிறது. இதுவரை ஒருதடவைகூட வீட்டு பிளக்கில் மாட்டியதில்லை.

வண்டியில் இரண்டு பேட்டரி. எஞ்சினை ஸ்டார்ட் செய்வது முன் பேட்டரி. ஃபேன், லைட், ஃப்ரிட்ஜுக்கு உழைப்பது பின் பேட்டரி. என் பின் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் அதே 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர்தான், ஆசிட்டும் ஈயத் தட்டும் உள்ள வகை. லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

பிளக் இல்லாத வண்டிக்குள் கரண்ட் நுழைய இரண்டே வாசல்: எஞ்சின் டைனமோ, கூரை சோலார். ஒன்று இருந்தால் போதும், மற்றது உபரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு என்று புரிய ஒரு பேட்டரி பலியானது. டியூபுலர் பேட்டரி முக்கால் பங்கு வரை மளமளவென்று சார்ஜ் வாங்கும். கடைசிக் கால் பங்கை மட்டும் கைக்குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல மெதுவாகத்தான் வாங்கும். ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மதுரையிலிருந்து தேனிக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் அந்தக் கால் பங்கு நிரம்பாது, வெயில்தான் நிரப்பவேண்டும். மாதக்கணக்கில் முக்காலோடு விட்டால் தட்டுகளில் சல்பேட் இறுகி, 150 ஏஹெச் பேட்டரி 80 ஏஹெச் பேட்டரிபோல நடந்துகொள்ள ஆரம்பிக்கும். ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அடைபட்டது எந்த வாசல் என்பதுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் புது பேட்டரி வாங்கினால் அதுவும் அதே வழியில் போகும்.

மீட்டர் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முடிந்தால், வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வாங்குங்கள். ஆனால் டிசி ஆம்பியரும் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் ஏசி மட்டுமே அளக்கும்.

எஞ்சினை நிறுத்தி, சோலாரைத் துண்டித்து, எல்லா லோடையும் அணைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பேட்டரியைச் சும்மா விட்டபிறகு அளப்பதுதான் உண்மையான அளவு. டியூபுலரில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 150 ஏஹெச்சில் நாம் புழங்குவது சுமார் 75 தான்.

லித்தியத்தில், அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில், இந்த வாய்ப்பாடு செல்லாது. முக்காலுக்கும் காலுக்கும் நடுவே 13.2-க்கும் 13.0-க்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். வோல்ட்டை வைத்து அதன் வயிற்றை அறிய முடியாது. உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பகலெல்லாம் ஓட்டினேன், ராத்திரி பத்து மணிக்கே ஃபேன் நின்றுவிட்டது"

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நான் அதிகம் அவதிப்பட்டதும் இதில்தான்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து வைக்க ஓர் ஆளை உட்காரவையுங்கள். முன் பேட்டரியை அளந்தால் 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். வரவில்லையென்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது டைனமோவிலேயே கோளாறு. அது மெக்கானிக் வேலை. முன்னால் 14.2 வந்து, பின்னால் 12.3 அசையாமல் இருந்தால், கோளாறு இரண்டுக்கும் நடுவே.

நடுவே முதலில் ஃப்யூஸ். இரண்டு பேட்டரிக்கும் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள், தலைக்கு ஒரு ஃப்யூஸ் இருக்கவேண்டும். கண்ணால் பார்த்து நல்லாயிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். என் வண்டியில் ஃப்யூஸ் கம்பி முழுசாக இருந்தது. அதைத் தாங்கும் ஹோல்டர் உள்ளுக்குள் உருகி, தொடர்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இரு முனையிலும் மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். தொட்டுப் பார்த்தால் சுடுகிற ஹோல்டரை அப்போதே மாற்றுங்கள்.

அடுத்து ரிலே. முன் பேட்டரி 13.3-க்கு மேல் ஏறியதும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு இரண்டு பேட்டரியையும் சேர்த்துவிடுவதும், 12.8-க்குக் கீழே இறங்கினால் பிரித்துவிடுவதும் இதன் வேலை. சத்தம் கேட்டும் மறுபுறம் வோல்ட் வரவில்லையென்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். சத்தமே இல்லையென்றால் அதன் எர்த் வயரைப் பாருங்கள். பெயிண்டுக்கு மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பெயிண்ட்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரியவிட்டு முடுக்க வேண்டும்.

அடுத்து வயர். இதில்தான் என் முதல் பேட்டரி போனது. வேலை செய்தவர் முன்னிருந்து பின்னுக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்திருந்தார். "அண்ணே, இது ஏசிக்கே தாங்கும்" என்றார். உண்மைதான், வீட்டு ஏசிக்குத் தாங்கும். ஆனால் அது 230 வோல்ட். அங்கே ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைவது பாதிச் சொத்து போனமாதிரி. கணக்கு எளிது. 4 ஸ்கொயர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 5 மில்லி ஓம். போக ஏழு மீட்டர், வர ஏழு மீட்டர், ஆக 70 மில்லி ஓம். 20 ஆம்பியர் போனால் 1.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். டைனமோ கொடுத்த 14.2 பின்னால் வந்து சேரும்போது 12.8. அந்த வோல்ட்டில் பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. இப்போது 25 ஸ்கொயர் போட்டிருக்கிறேன்; இழப்பு கால் வோல்ட்டுக்குள் நிற்கிறது.

வயரைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஓட, பின்னால் ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓட, மீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை பின் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். வழியில் எவ்வளவு தின்கிறது என்பதை மீட்டர் நேரடியாகக் காட்டும். மீட்டர் முனை எட்ட நீண்ட வயர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். 0.3-க்கு மேல் வந்தால் அந்தப் பாதையில் கோளாறு. அதேபோல மைனஸ்ஸுக்கு மைனஸ் வைத்தும் பாருங்கள். எர்த்தில் திருட்டு நடப்பதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை.

புது வயர் வாங்கும்போது ஒரு முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். எடையும் குறைவாக இருக்கும். விலை பாதி, உழைப்பும் பாதி. வயர் முனையில் மாட்டும் லக்கை சுத்தியலால் அடித்து நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்திக் கொடுக்கும் கடையாகப் பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, வண்டி 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 வண்டி என்றால், டைனமோவே புத்திசாலியாக இருக்க வாய்ப்பு உண்டு. முன் பேட்டரி நிரம்பிவிட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டர் தீர்மானித்ததும் டீசலை மிச்சப்படுத்த வோல்ட்டை 12.5 அளவுக்குக் குறைத்துவிடும். ரிலே பிரிந்துவிடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. திருமங்கலம் தாண்டும்வரை 14.2 காட்டி, விருதுநகர் ரோட்டில் ஏறியதும் 12.6-க்கு இறங்கிய வண்டியை என் மச்சான் வைத்திருக்கிறான். அதற்கு ரிலேயைக் கழற்றிவிட்டு டிசி-டிசி சார்ஜர் போடுவதுதான் தீர்வு. உள்ளே எந்த வோல்ட் வந்தாலும் பேட்டரிக்கு வேண்டிய 14.4-ஆக உயர்த்திக் கொடுக்கும். சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி இக்னிஷன் வயர் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். 150 ஏஹெச் டியூபுலருக்கு 20 ஆம்பியர் சார்ஜர் தாராளம். 40 வாங்கினால் பேட்டரி கொதிக்கும், காசும் வீண்.

லித்தியம் வைத்தவர்களுக்கு வண்டி எவ்வளவு பழையதானாலும் டிசி-டிசி கட்டாயம். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கும், போதும் என்று சொல்லாது. ரிலேயில் நேராக இணைத்தால் கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்று உறுமும்போது, காற்றும் இல்லாமல், டைனமோ முழு லோடில் வெந்துபோகும்.

வண்டியை நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஐடிலிங்கில் டைனமோ தரும் கரண்ட் குறைவு, டீசல் செலவு அதிகம், சந்தில் இருப்பவர்களின் ஏச்சு இலவசம். உள்ளே ஆள் படுத்திருக்கும்போது செய்தால் புகை உயிருக்கே ஆபத்து. வேண்டாம்.

"வெயில் மண்டையைப் பிளக்கிறது, பேனல் பாதிகூடத் தரவில்லை"

முதலில், உண்மையிலேயே கோளாறா என்று பாருங்கள். பேட்டரி நிரம்பிவிட்டால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலரே கரண்டைக் குறைத்துவிடும். மத்தியானம் 2 ஆம்பியர்தான் காட்டுகிறது என்று பதறவேண்டாம். ஃப்ரிட்ஜையும் ஃபேனையும் போடுங்கள். ஆம்பியர் உடனே ஏறினால் எல்லாம் நலம். வாங்க ஆளில்லாமல்தான் பேனல் சும்மா இருந்திருக்கிறது.

ஏறவில்லையா? அப்போது நிழலைப் பாருங்கள். இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். 12 வோல்ட் பேனலில் 36 செல்கள் வரிசையாகக் கோத்திருக்கும், மாலைபோல. ஒரு செல்லில் வேப்பங்கொப்பு ஒன்றின் நிழல் விழுந்தால் அந்த ஒரு செல் மட்டும் படுக்காது. அதைச் சேர்ந்த 18 செல்களும் சேர்ந்து படுக்கும். மிச்சப் பாதி தருவது 9 வோல்ட். பேட்டரி இருப்பது 12-க்கு மேல். 9 வோல்ட்டால் 12 வோல்ட்டுக்குள் தண்ணீர் ஏற்ற முடியுமா? ஆகவே பத்தில் ஒரு பங்கு நிழல், பத்தில் ஒரு பங்கு நஷ்டம் இல்லை, பேனலே பூஜ்யம். நான் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, உள்ளே குளுமையாக இருக்கிறது என்று மகிழ்ந்த மாதங்கள் எல்லாம் பேட்டரிக்குப் பட்டினி மாதங்கள். இப்போது மரத்திலிருந்து பத்தடி தள்ளி நிறுத்துகிறேன். கேபிள் டிவி வயர், மேலே கட்டிய கொடி, கூரையில் வைத்த ஸ்டெப்னி, இவற்றின் நிழலும் இதே கதைதான்.

அடுத்து, பேனலும் கன்ட்ரோலரும் ஜோடி சேருகிறதா? வாட்டுக்கு விலை குறைவு என்று வீட்டுக் கூரைக்குப் போடும் 335 வாட் பேனலை வாங்கிவிடுவார்கள். அதில் 72 செல். வேலை செய்யும் வோல்ட் 38 அளவில். அதை மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் மாட்டினால், அது பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துப் பிடித்துவிடும். ஆம்பியர் அதே 8.8, வோல்ட் மட்டும் 13. பெருக்கிப் பாருங்கள், 115 வாட். மூன்றில் இரண்டு பங்கு காற்றோடு போச்சு. எம்பிபிடி கன்ட்ரோலர் போட்டால் மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். வாங்கும்போது, எம்பிபிடி என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய பிடபிள்யூஎம்களும் வருகின்றன என்பது நினைவிருக்கட்டும். கன்ட்ரோலருக்குள் போகும் ஆம்பியரையும் வெளியே வரும் ஆம்பியரையும் அளந்து பாருங்கள். பெரிய பேனலில், பேட்டரி பசியாக இருக்கும்போது, வெளியே வருவது உள்ளே போவதைவிட அதிகமாக இல்லையென்றால் அது எம்பிபிடி இல்லை.

கன்ட்ரோலரில் பேட்டரி வகை என்று ஒரு செட்டிங் இருக்கும். டியூபுலருக்கு 14.4 முதல் 14.6 வரை வேண்டும். ஜெல் என்று வைத்திருந்தால் 14.1-லேயே நிறுத்திவிடும், வருடம் முழுக்கக் கடைசிக் கால் பங்கு நிரம்பாது. ஒரு பட்டனை அழுத்தினால் தீரும் கோளாறுக்குப் பேட்டரியை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சூடு. அக்னி நட்சத்திரத்தில் பேனல் பொங்கிப் பொங்கித் தரும் என்று நினைப்பது இயல்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரியில் அளந்த வாட்டைத்தான் லேபிளில் போடுகிறார்கள். மே மாதக் கூரையில் பேனல் 65 டிகிரிக்கு ஏறும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் அளவுக்கு இழப்பு. 40 டிகிரி அதிகம் என்றால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். தகரத்தோடு ஒட்டிய மெல்லிய வளையும் பேனலுக்கு இது இன்னும் மோசம். அடியில் காற்றே இல்லாமல் வெந்து இரண்டு மூன்று கோடையில் பழுப்பேறிவிடும். கண்ணாடிப் பேனலைக் கூரையிலிருந்து நான்கு விரல் தூக்கி மாட்டுங்கள், கீழே காற்று ஓடட்டும். சாய்வுச் சட்டத்துக்குச் செலவழிக்க வேண்டாம். மதுரை பத்தாவது அட்சரேகைக்குச் சற்றே தெற்கே இருக்கிறது. சித்திரை பிறக்கும்போதும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே. தட்டையாகப் படுத்த பேனலே இங்கே போதும்.

தூசி? வாரம் ஒருமுறை, விடிகாலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது ஈரத்துணியால் துடையுங்கள். உச்சிவெயிலில் சுடச்சுட இருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது. போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும். கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? என் கூரையில் 165 வாட் பேனல் இரண்டு. நல்ல பங்குனி நாளில் 1,100 வாட்-மணி அளவுக்கு வருகிறது. என் செலவு, 28 வாட் பிஎல்டிசி ஃபேன் எட்டு மணி நேரம், ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க, லைட், போன் எல்லாம் சேர்த்து 800. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் ஆலை கட்டியது நம் பக்கத்து வெயிலை நம்பித்தான். இரண்டு பேனலுக்கு அது கை கொடுக்காமலா போகும்.

"மீட்டரில் 12.7 காட்டுகிறது, ஃபேன் போட்டதும் படுத்துவிடுகிறது"

சார்ஜ் நின்ற உடனே அளந்தீர்களா? அது மேல்பூச்சு வோல்ட். ஐந்து நிமிடம் லைட்டைப் போட்டு, அணைத்து, பொறுத்து அளங்கள்.

பொறுத்து அளந்தும் 12.7 இருந்து, சின்ன லோடுக்கே 11.5-க்கு விழுந்தால் முதலில் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, வேசலின் தடவுங்கள். மூடிகளை இறுக்கி மூடியபிறகு இதைச் செய்யுங்கள். சோடா செல்லுக்குள் போனால் ஆசிட் கெட்டுவிடும்.

டெர்மினல் சுத்தம் என்றால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். ஆறு செல்லிலும் அளந்து எழுதுங்கள். நம் ஊர் டியூபுலர் முழு சார்ஜில் 1.240 அளவில் நிற்கும். ஐந்து செல் 1.230, ஒன்று மட்டும் 1.150 என்றால் அந்த செல் போய்விட்டது. பேட்டரியும் போன கணக்குத்தான். ஆறும் ஒரேமாதிரி 1.190-ல் நின்றால் நம்பிக்கை உண்டு. இரண்டு மூன்று நாள் எந்த லோடும் போடாமல் வெயிலில் நிறுத்தி, முழுசாக நிரம்பவிடுங்கள். ஏறினால் பிழைத்தது.

"ஆசிட் ஊற்றிச் சரி பண்ணித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹைட்ரோமீட்டர் அளவு ஏறும், சார்ஜ் ஏறாது, தட்டு அரித்துப்போகும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். வீட்டு ஆர்ஓ தண்ணீரும் இதற்கு ஆகாது.

"வண்டி நின்றுகொண்டே இருந்தது, நான்கே நாளில் காலி"

சித்திரைத் திருவிழா சமயத்தில் எனக்கு நடந்தது. எதிர்சேவைக்கு முந்தைய நாளே வண்டியைச் சந்துக்குள் ஏற்றி, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். அழகர் ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய்க் கிளம்பும்வரை வண்டியை எடுக்க வழியில்லை. எடுக்கப்போனபோது 11.4.

களவாடியது இன்வெர்ட்டர். அதில் ஒன்றுமே மாட்டவில்லை. ஆனால் ஸ்விட்ச் ஆனில் இருந்தது. சும்மா விழித்திருக்கவே 12 வாட் தின்னும். மணிக்கு ஒரு ஆம்பியர், நாளைக்கு 24, நான்கு நாளைக்கு 96 ஏஹெச். சோலார் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. தார்ப்பாய் போட்டு அந்த வாசலையும் நானே அடைத்துவிட்டேன்.

எது தின்கிறது என்று பார்க்க, சோலாரைத் துண்டித்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரில் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அதுதான் ஆள். ஸ்டீரியோ, ஜிபிஎஸ், யூஎஸ்பி சாக்கெட்டின் நீல விளக்குகூட உண்டு. நிரந்தரத் தீர்வு, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மெயின் கட்-ஆஃப் ஸ்விட்ச். கன்ட்ரோலரை மட்டும் அந்த ஸ்விட்சுக்கு முன்னாலேயே, தனி ஃப்யூஸ் வைத்து இணையுங்கள்.

"காலையில் எஞ்சினே ஸ்டார்ட் ஆகவில்லை"

ராத்திரி பின் பேட்டரியோடு முன் பேட்டரியும் காலியாகியிருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. எஞ்சின் நின்று ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேட்டரியையும் அளங்கள். பாயின்ட் பிசகாமல் ஒரே வோல்ட் காட்டினால் சந்தேகமே வேண்டாம். ரிலேயைத் தட்டினால் அப்போதைக்குப் பிரியும், மாற்றுவதுதான் வழி. போடி மலைப்பாதையில் மாட்டுவதற்கு முன் மாற்றுங்கள்.

"மத்தியானம் லித்தியம் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது"

லித்தியத்துக்குக் குளிரில் சார்ஜ் ஏற்றக்கூடாது என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். கொடைக்கானல் டிசம்பர் ராத்திரியில்கூட வண்டிக்குள் இருக்கும் பேட்டரி பூஜ்யத்துக்குப் போவது அபூர்வம். நமக்குத் தொல்லை எதிர்ப்பக்கம். மூடி வைத்த வண்டிக்குள், சீட்டுக்கடியில், மே மாத மத்தியானம் பேட்டரி பெட்டி 55 டிகிரியைத் தாண்டினால் உள்ளிருக்கும் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் காக்கும் சர்க்யூட், சார்ஜை நிறுத்திவிடும். கோளாறு இல்லை, தற்காப்பு. சாயங்காலம் தானாகச் சரியாகும், ஆனால் அதற்குள் வெயில் போய்விடும். பெட்டிக்கு இருபுறமும் துளை போட்டு, ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் வையுங்கள். எஞ்சின் பக்கத்தில் பேட்டரியை வைக்கவே வைக்காதீர்கள்.

மீட்டரில் பூஜ்யம் காட்டினாலும் செத்துவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். அடிவரை காலியானதும் பிஎம்எஸ் கதவை மூடிக்கொண்டிருக்கும். பேட்டரி வோல்ட் தெரியாததால் சோலார் கன்ட்ரோலரும் விழிக்காது. லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜர் ஒன்றை மாட்டினால் திறக்கும்.

"தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது, ஒரு நாற்றமும் வருகிறது"

நாற்றத்தை முதலில் கவனியுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் பேட்டரி அளவுமீறிக் கொதிக்கிறது. கதவுகளைத் திறந்து, சார்ஜை நிறுத்தி, தீக்குச்சி, அடுப்பு எதுவும் பற்றவைக்காமல் வெளியே வாருங்கள். பேட்டரி கையால் தொட முடியாத சூடாக இருந்தால் செல் ஷார்ட் ஆகியிருக்கும். ஆறும்வரை பக்கத்தில் போகவேண்டாம்.

நாற்றம் இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் வெயிலின் வேலை. பேட்டரி சூடாக இருக்கும்போது 14.4 அதற்கு அதிகம். பேட்டரியோடு ஒட்டி வைக்கும் சென்சார் உள்ள கன்ட்ரோலர், 40 டிகிரியில் சுமார் 0.3 வோல்ட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். சென்சார் இல்லையென்றால் கோடைக்கு மட்டும் கையால் 14.1-க்கு இறக்கிவிடுங்கள். இன்னொன்று: டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். படுத்துத் தூங்கும் அறைக்குள் திறந்தபடி வைக்கக்கூடாது. மூடிய பெட்டி, அதன் மேல்பகுதியிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய். இதில் சமரசம் கிடையாது.

"மிக்சி போட்டால் இன்வெர்ட்டர் கத்துகிறது"

600 வாட் மிக்சி 12 வோல்ட்டில் 55 ஆம்பியருக்கு மேல் கேட்கும். பேட்டரி நிறைந்திருந்தும் கத்தினால் இன்வெர்ட்டர் வயர் மெலிசு அல்லது நீளம். ஒரு மீட்டருக்குள், 25 ஸ்கொயர். அதற்கும் மசியவில்லை என்றால் அம்மிக்கல் எடை கம்மிதான்.

"ஐப்பசி வந்தது, மூன்று நாளாக வெயிலே இல்லை"

இது கோளாறு இல்லை, பருவம். மூட்டமான நாளில் என் 330 வாட் பேனலிலிருந்து 300 வாட்-மணிகூட வராது. முதலில் ஃப்ரிட்ஜை அணையுங்கள். செலவில் பாதிக்குமேல் அதுதான். ராத்திரி குளிராக இருப்பதால் ஃபேனும் குறையும். மிச்சத்துக்கு டைனமோ. அழகர்கோயில் போய் வந்தால் 40 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 20 ஏஹெச் ஏறும். சந்தைக்கும் ஆபீசுக்கும் துண்டு துண்டாகப் போவதைச் சேர்த்து ஒரே ஓட்டமாக ஆக்கிக்கொண்டால் நல்லது.

அதுவும் போதாமல் 12.2-க்குக் கீழே இரண்டு நாள் நின்றால் நான் கழற்றிவிடுவேன். முதலில் பேனல் வயரை, அப்புறம் பேட்டரி வயரை. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். இந்த வரிசை மாறினால் கன்ட்ரோலர் புகையும். லித்தியம் வைத்தவர்கள் பாக்கியசாலிகள். 100 ஏஹெச் பன்னிரண்டு கிலோவுக்குள்தான், தோளில் போட்டு மாடிக்கே கொண்டுபோய் அதற்குரிய சார்ஜரில் வைத்துவிடலாம். டியூபுலர் 55 கிலோவுக்குக் குறையாது, சாய்த்தால் ஆசிட் வழியும். தெரிந்த பேட்டரி கடையில் இறக்கி, ஒருநாள் முழுக்க, 15 ஆம்பியருக்கு மேல் போகாமல் ஏற்றச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 30 வைத்து மூன்று மணி நேரத்தில் கொடுத்தால் மறுபடி அதே முக்கால்தான். வாங்கிவந்த மறுநாள் காலையில், எதையும் போடாமல் மீட்டர் வையுங்கள். 12.7 இருந்தால் மாட்டிவிடலாம். 12.4 என்றால் திரும்பக் கடைக்கு. தூக்க இரண்டு ஆள் வேண்டும்.